வெட்டிய பீஸும் மாறிய பேட்டர்னும்

திருப்பூரில், பின்னலாடை நிறுவனங்களின் கணினிப் பிரிவினரும் மென்பொருள் எழுதுவோரும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதிலிருந்து அவிநாசி ரோடு, பல்லடம் ரோடு, காங்கயம் ரோடு என்று எந்தப் பக்கம் எந்தக் கம்பெனி ஆபீசுக்குப் போனாலும் இதே பேச்சுதான். எத்தனை கம்ப்யூட்டரை மாற்ற வேண்டும், ஒன்று என்ன விலை, பழையதை யார் எடுத்துக்கொள்வார்கள். எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகளே. ஆனால் இவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய ஒன்று விடுபட்டுப் போகிறது. நம்முடைய புரோகிராம் புதுக் கம்ப்யூட்டரில் ஓடுமா? ஓடாது என்றால் எந்த இடத்தில் தடுக்கும்? இன்று நான் பேச வந்தது அதைப் பற்றி.

‘நம்முடைய புரோகிராம்’ என்று காரணத்தோடுதான் சொல்கிறேன். பனியன் கம்பெனிச் சம்பளக் கணக்கு வேறு ஊர்க் கணக்கு மாதிரி இல்லை. எட்டு மணி நேரம் வேலை செய்தால் ஒரு ஷிஃப்ட், பன்னிரண்டு மணி நேரம் என்றால் ஒன்றரை ஷிஃப்ட். சனிக்கிழமை சம்பளம். பீஸ் ரேட் என்றால் ஓவர்லாக்குக்கு ஒரு ரேட், பேட்லாக்குக்கு ஒரு ரேட், செக்கிங்குக்கு வேறு ரேட். ஸ்டைல் மாறினால் எல்லாமே மாறும். நடுவில் வாங்கிய அட்வான்ஸைப் பிடிக்க வேண்டும், பிஎஃப், இஎஸ்ஐ பிடிக்க வேண்டும். நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று துணி ஜாப் ஒர்க்குக்குப் போய்ப் போய் வருவதற்கு எடைக் கணக்கு தனி. வெளியூரில் எழுதிய பெரிய மென்பொருள்களை இந்தக் கணக்குக்குள் உட்கார வைப்பது லேசில்லை. அதனால் இந்த ஊர்ப் பிள்ளைகளே எழுதினார்கள். முதலில் கிளிப்பரிலும் ஃபாக்ஸ்புரோவிலும், பிறகு விஷுவல் பேசிக் 6-இல், ஆக்சஸ் கோப்பைப் பின்னால் வைத்து. ஒரு கம்பெனியில் டோக்கன் போடுவதிலிருந்து சம்பளக் கவர் எழுதுவதுவரை பார்த்துப் பார்த்து எழுதிய புரோகிராம்கள் அவை. எனக்கு அவற்றின்மேல் மிகுந்த மரியாதை உண்டு. பல வருடங்கள் ஒரு பைசா பிசகாமல் சம்பளம் போட்ட ஒரு புரோகிராம், கம்ப்யூட்டர் மாற்றிய ஒரே காரணத்துக்காகக் குப்பைக்குப் போகக் கூடாது.

முதலில் சுலபமான செய்தியைச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பு கிடையாது. 16-பிட் டாஸ் புரோகிராம்களை ஓட்டும் வசதி 32-பிட் விண்டோஸ் 10-இல் கடைசியாக இருந்தது, அதோடு முடிந்தது. ஆகவே கிளிப்பரிலோ பழைய ஃபாக்ஸ்புரோவிலோ எழுதிய 16-பிட் புரோகிராம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அது புதுக் கம்ப்யூட்டரில் நேரடியாக ஓடாது. டாஸ்பாக்ஸ் போன்ற ஒன்றுக்குள்ளோ, மெய்நிகர் கம்ப்யூட்டருக்குள்ளோதான் ஓட்ட முடியும். இதில் குழப்பத்துக்கு இடமில்லை.

32-பிட் புரோகிராம்களின் கதைதான் நுட்பமானது. விஷுவல் பேசிக் 6 வந்தது 1998-இல். அந்த எழுதும் கருவிக்கான ஆதரவு 2008 ஏப்ரலோடு முடிந்தது. ஆனால் அதில் எழுதிய புரோகிராம் ஓடத் தேவையான ரன்டைம் கோப்பு இன்றும் விண்டோஸ் 11-க்குள்ளேயே வருகிறது. மைக்ரோசாஃப்ட் அதற்கு வாக்குக் கொடுத்திருக்கிறது, காப்பாற்றியும் வருகிறது. ஆகவே சம்பளப் புரோகிராம் திறந்துகொள்ளும். திறந்து, ரிப்போர்ட் பொத்தானை அழுத்தும்போது நிற்கும். ஏனென்றால் அந்த ரிப்போர்ட், அந்தக் கட்டம் போட்ட பட்டியல், அந்தக் காலண்டர் எல்லாம் வேறு வேறு ஓசிஎக்ஸ் கோப்புகளில் இருக்கின்றன. அவை விண்டோஸோடு வருவதில்லை. என்றோ ஒரு நாள் இன்ஸ்டால் செய்தவர் போட்டு, ரெஜிஸ்டர் செய்துவிட்டுப் போனார். அந்த சிடி இன்று எங்கே என்று யாருக்கும் தெரியாது.

இப்படிப் பல புரோகிராம்கள் கூட்டாகப் பயன்படுத்தும் கோப்புகளைத்தான் லைப்ரரி என்கிறோம். விண்டோஸில் டிஎல்எல், ஓசிஎக்ஸ். லினக்ஸில் எஸ்ஓ. நீங்கள் எழுதியது ஒரு மெகாபைட் இருந்தால், அது சாய்ந்து நிற்கிற லைப்ரரிகள் நூறு மெகாபைட் இருக்கும். எழுதியவர் நீங்கள் இல்லை, மாற்றுகிறவரும் நீங்கள் இல்லை.

லைப்ரரி மாறினால் புரோகிராம் ஏன் உடைகிறது என்பதை இந்த ஊரில் விளக்குவது சுலபம். ஒரு டி-ஷர்ட் ஸ்டைலுக்குப் பேட்டர்ன் போட்டாயிற்று. முன்பக்கம், பின்பக்கம், கை எல்லாம் வெட்டி பண்டல் கட்டி வைத்திருக்கிறது. நெக் ரிப் மட்டும் வேறு யூனிட்டிலிருந்து வர வேண்டும். இதற்கிடையில் பேட்டர்ன் மாஸ்டர் கழுத்தளவை அரை இஞ்ச் மாற்றிவிட்டார். இனிமேல் வெட்டும் துணிக்குக் குறையில்லை. புது அளவில் வெட்டினால் புது ரிப் சரியாக உட்காரும். ஏற்கெனவே வெட்டி வைத்த பண்டலுக்குப் புது ரிப் வந்து சேர்ந்தால்? ஸ்டைல் நம்பர் ஒன்றுதான், கலர் ஒன்றுதான், சைஸ் ஸ்டிக்கரும் ஒன்றுதான். தைக்கும்போதுதான் தெரியும், கழுத்து சேரவில்லை என்று. சோர்ஸ் கோட் என்பது பேட்டர்ன். கம்பைல் செய்த இஎக்ஸ்இ என்பது வெட்டிய பீஸ். சோர்ஸ் அளவில் பொருந்துவது வேறு, பைனரி அளவில் பொருந்துவது வேறு. முன்னது பொருந்தினால் மறுபடி கம்பைல் செய்தால் போதும். பின்னது பொருந்தினால்தான், ஏற்கெனவே கம்பைல் செய்து கையில் இருக்கிற கோப்பு அப்படியே ஓடும்.

கம்ப்யூட்டருக்குள் இது எப்படி நடக்கிறது என்பதையும் பார்ப்போம். ஒரு லைப்ரரி, தொழிலாளி பதிவு என்று ஒரு அமைப்பை வைத்திருக்கிறது. முதல் நான்கு பைட்டில் டோக்கன் நம்பர். அடுத்த நான்கில் ஷிஃப்ட். அதற்கடுத்த நான்கில் ரேட். உங்கள் புரோகிராம் கம்பைல் ஆகும்போது ‘ரேட்’ என்ற சொல் மறைந்துவிடுகிறது. முதல் பைட்டைப் பூஜ்யம் என்று வைத்து எண்ணும் கணக்கில், ‘எட்டாவது பைட்டிலிருந்து நான்கு பைட் எடு’ என்பது மட்டுமே இஎக்ஸ்இக்குள் பதிவாகிறது. அடுத்த வருடம் லைப்ரரி எழுதியவர் ஷிஃப்டுக்கும் ரேட்டுக்கும் நடுவில் புதிதாக ஒரு எண்ணைச் சேர்க்கிறார். ரேட் இப்போது பன்னிரண்டாவது பைட்டுக்குப் போய்விட்டது. பழைய இஎக்ஸ்இக்கு இது தெரியாது. அது எட்டாவது பைட்டைத்தான் எடுக்கும், அங்கே இருக்கிற வேறு ஏதோ எண்ணை ரேட் என்று நினைத்துப் பெருக்கும். எர்ரர் வராது. புரோகிராம் நிற்காது. சம்பளம் தப்பாக வரும். நின்றுபோகிற புரோகிராமைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்படுவதில்லை. உடனே யாராவது போன் செய்வார்கள். நிற்காமல் தப்பாகக் கணக்குப் போடுவதுதான் பயம். தொழிலாளி கையில் குறைந்த காசு போய்ச் சேர்ந்த பிறகே அது தெரியவரும்.

ஒழுங்காக எழுதுகிறவர் என்ன செய்வார்? புது எண்ணைக் கடைசியில் சேர்ப்பார். அப்படிச் சேர்க்க இடம் இல்லையென்றால் லைப்ரரியின் பெயரை மாற்றுவார். பழைய பெயரைக் கேட்கிறவருக்குப் பழைய பொருளே கிடைக்க வேண்டும், பொருள் மாறினால் பெயரும் மாற வேண்டும். வெர்ஷன் நம்பர் என்று நாம் எழுதுவதெல்லாம் இந்த ஒரு வாக்கைக் காப்பாற்றத்தான்.

மைக்ரோசாஃப்டே இதில் சறுக்கிய ஒரு நிகழ்ச்சி உண்டு. விஷுவல் பேசிக்கில் எழுதிய இங்கிருக்கும் எத்தனையோ பேருடைய வேலையைத் தொட்டது என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2011 பிப்ரவரியில் விண்டோஸ் 7-க்கு முதல் சர்வீஸ் பேக் வந்தது. டேட்டாபேஸோடு பேசுவதற்கு நாம் எல்லோரும் பயன்படுத்திய ஏடிஓ என்ற லைப்ரரி அதில் மாறியிருந்தது. ஏடிஓவின் ஒவ்வொரு இடைமுகத்துக்கும் உலகத்தில் வேறெதற்கும் இல்லாத 128-பிட் அடையாள எண் உண்டு. கம்பைல் செய்யும்போது இஎக்ஸ்இக்குள் பதிவாவது அந்த எண்தான். ஏடிஓ 32-பிட் காலத்தில் எழுதப்பட்டது. அதில் சில இடங்களில் 64-பிட் அளவு வேண்டிய இடத்தில் 32-பிட் அளவே இருந்தது. ஆபீஸ் 2010-இன் 64-பிட் பதிப்பு வந்தபோது அது தொல்லை கொடுத்தது. சரிசெய்ய வேண்டியதாயிற்று. புது இடைமுகங்களைச் செய்தார்கள், புது அடையாள எண்கள் கொடுத்தார்கள். பழைய எண்களையும் எடுத்துவிடாமல் வைத்திருந்தார்கள். அதனால் பழைய இஎக்ஸ்இ புது விண்டோஸில் ஓடியது. இதுவரை எல்லாம் சரி.

பிசகு எங்கே என்றால், கம்பைலர் படிக்கிற பட்டியலில் பழைய பெயர்களைப் புது எண்களோடு சேர்த்துவிட்டார்கள். நீங்கள் சோர்ஸில் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. சர்வீஸ் பேக் போட்ட உங்கள் லேப்டாப்பில் சும்மா ஒரு தடவை கம்பைல் செய்தால் போதும், இஎக்ஸ்இக்குள் புது எண் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த எண் எக்ஸ்பியில் கிடையாது. சர்வீஸ் பேக் போடாத விண்டோஸ் 7-இலும் கிடையாது.

அந்த வருடத்து ஒரு சனிக்கிழமையை நினைத்துப் பாருங்கள். புரோகிராமருடைய லேப்டாப் புதியது, எல்லா அப்டேட்டும் போட்டது. சம்பள கவுண்டரில் இருப்பது எக்ஸ்பி. இஎஸ்ஐ பிடித்தத்தில் ஒரு சின்னத் திருத்தம் கேட்டார்கள் என்று வெள்ளிக்கிழமை இரவு கம்பைல் செய்து பென் டிரைவில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார். மறுநாள் மாலை டைலர்கள் வரிசையில் நிற்கும்போது திரையில் ரன்டைம் எர்ரர் 430. எதிர்பார்த்த இடைமுகம் இந்தப் பொருளில் இல்லை என்பது அதன் பொருள். “நேத்து வரைக்கும் ஓடிட்டு இருந்துச்சுங்களே சார், என்ன பண்ணுனீங்க?” என்று சூப்பர்வைசர் கேட்டால் புரோகிராமர் என்ன பதில் சொல்வார்? அவர் மாற்றியது ஒரு சதவீதக் கணக்கு. உடைந்தது டேட்டாபேஸ் இணைப்பு. இரண்டுக்கும் தொடர்பு தெரியாமல் எத்தனை பேர் ராத்திரி முழுவதும் உட்கார்ந்திருப்பார்கள். மைக்ரோசாஃப்ட் முதலில் மாற்று வழிகளைச் சொன்னது, பிறகு பழைய எண்கள் கொண்ட பட்டியல் ஒன்றைத் தனியாகக் கொடுத்தது, 2012-இல்தான் முழுத் திருத்தம் வந்தது.

இதில் நான் எடுத்துக்கொண்ட விதி எளியது. எந்தக் கம்ப்யூட்டரில் ஓட வேண்டுமோ அவற்றில் மிகப் பழையது எதுவோ, அதற்கு இணையான ஒன்றில்தான் கம்பைல் செய்ய வேண்டும். பழையதில் கம்பைல் செய்தது புதியதில் ஓடுவதற்கு வாக்கு இருக்கிறது. புதியதில் கம்பைல் செய்தது பழையதில் ஓடுவதற்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

இவ்வளவு தொல்லை என்றால் கூட்டு லைப்ரரியே வேண்டாம், எல்லாவற்றையும் ஒரே இஎக்ஸ்இக்குள் அடைத்துவிடலாமே என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. 2014 ஏப்ரலை நினைவுபடுத்துகிறேன். ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியே வந்தது. கூட்டு லைப்ரரியாக வைத்திருந்த சர்வர்களில் அந்த ஒரு லைப்ரரியை மாற்றி, சேவைகளை மறுபடி தொடங்கியதும், அதன்மேல் நின்ற எல்லா புரோகிராமிலும் ஓட்டை அடைபட்டது. உள்ளே அடைத்து வைத்திருந்த ஒவ்வொரு புரோகிராமையும் தேடித் தேடித் தனித்தனியே மாற்ற வேண்டியிருந்தது. எது எதற்குள் இருக்கிறது என்று தெரிந்தால்தானே தேடவே முடியும்? ஆகவே கூட்டாக வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கூட்டு உடையாமல் இருக்கத்தான் பெயர் ஒழுங்கு வேண்டும்.

பெயர் ஒழுங்கை லினக்ஸ்காரர்கள் எப்படிக் கற்றுக்கொண்டார்கள் என்று பார்ப்பது நமக்கும் பயன்படும். தமிழக அரசு பிள்ளைகளுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சென்னை சி-டாக் உருவாக்கிய அது டெபியனை அடிப்படையாகக் கொண்டது. நான் சொல்லப் போகும் ஒழுங்கு அதற்குள்ளும் இருந்தது.

லினக்ஸில் ஒரு லைப்ரரிக்குள்ளேயே அதன் பெயர் எழுதியிருக்கும், பெயரோடு ஒரு எண் சேர்ந்திருக்கும். பைனரி அளவில் பொருந்தாத மாற்றம் வந்தால் மட்டுமே அந்த எண் ஏறும். எண் வேறாக இருந்தால் இரண்டும் ஒரே கம்ப்யூட்டரில் அருகருகே இருக்கலாம். பழைய புரோகிராம் பழையதை எடுத்துக்கொள்ளும், புதியது புதியதை. ஓபன்எஸ்எஸ்எல் 1.1-இலிருந்து 3-க்குப் போனபோது இதுதான் நடந்தது. உபுண்டு 22.04-இல் 3 மட்டுமே வந்ததால் 1.1-ஐத் தேடிய புரோகிராம்கள், கோப்பு இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டு நின்றன. தப்பாக எதையும் எடுத்து ஓட்டவில்லை. அந்த நிற்பே நல்ல நடத்தை.

எல்லா புரோகிராமும் சாய்ந்து நிற்கிற அடிப்படை சி லைப்ரரிக்கு லினக்ஸில் 6 என்ற எண். 5-இலிருந்து 6-க்கு மாறிய 1997, 1998-ஆம் வருடங்கள் பெரிய அவதி. ரெட்ஹாட் 5.0, டெபியன் 2.0 ஆகியவை அந்தக் கடலைத் தாண்டித்தான் வந்தன. மறுபடி ஒரு முறை அப்படிச் செய்யக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். இன்றுவரை அந்த எண் 6-தான். எண்ணை ஏற்றாமல் எப்படி வளர்கிறது? லைப்ரரிக்கு மொத்தமாக ஒரு எண் என்பதோடு நிறுத்தாமல், உள்ளே இருக்கிற ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் தனித்தனி வெர்ஷன் கொடுத்தார்கள். இந்த யோசனை சன் நிறுவனத்தின் சோலாரிஸிலிருந்து வந்தது.

அது எவ்வளவு அருமையான ஏற்பாடு என்பது 2010 நவம்பரில் ஃபெடோரா 14 வந்தபோது தெரிந்தது. நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகல் எடுக்கிற மெம்காப்பி என்ற ஃபங்ஷனை வேகப்படுத்தியிருந்தார்கள். சில பிராசஸர்களில் அது முன்னிருந்து பின்னாகப் போவதற்குப் பதில் பின்னிருந்து முன்னாக நகல் எடுத்தது. எடுக்கிற இடமும் வைக்கிற இடமும் ஒன்றின்மேல் ஒன்று விழக் கூடாது என்பது மெம்காப்பியின் விதி. விதிப்படி நடந்தவர்களுக்கு எந்த மாற்றமும் தெரியாது. அடோபியின் ஃபிளாஷ் பிளேயர் விதியை மீறியிருந்தது. இணைய வீடியோக்களில் சத்தம் சிதைந்து கேட்டது. விதியை மீறியது ஃபிளாஷ், எங்கள்மேல் குற்றமில்லை என்றார்கள் லைப்ரரிக்காரர்கள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே அந்தப் பிழை அறிக்கைக்கு வந்து, கோளாறு எங்கே என்று தோண்டிப் பார்த்து, பாட்டுக் கேட்கிறவனுக்கு உங்கள் விதியால் என்ன பயன் என்ற வகையில் வாதாடினார்.

இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் என் மனம் டோர்வால்ட்ஸ் பக்கம்தான். விதிப் புத்தகத்தைப் படிக்காத மனிதர் வீட்டில்தான் புரோகிராம் ஓடுகிறது. முடிவு அழகாக வந்தது. ஜிலிப்சி என்பது அந்த அடிப்படை சி லைப்ரரியின் பெயர். 2011-இல் வந்த ஜிலிப்சி 2.14-இல், 64-பிட் இன்டெல் வகைக் கம்ப்யூட்டர்களுக்கு மெம்காப்பி இரண்டு வெர்ஷனாக வைக்கப்பட்டது. பழைய இஎக்ஸ்இ பழைய வெர்ஷனைக் கேட்கும். அதற்குப் பாதுகாப்பாக நகல் எடுக்கும் ஃபங்ஷன் கிடைக்கும். புதிதாகக் கம்பைல் செய்தால் புதியதும் வேகமானதும் கிடைக்கும். ஒரே கோப்பு, ஒரே பெயர், கேட்கிறவருக்கு ஏற்ற பொருள். விதியை மீறிய பழைய புரோகிராமைக்கூடக் கைவிடவில்லை.

இதன் மறுபக்கம் நாம் முன்பே பார்த்ததுதான். புது உபுண்டுவில் கம்பைல் செய்ததைப் பழைய சர்வரில் போட்டால், ஜிலிப்சி 2.34 இல்லை என்று சொல்லி நிற்கும். பைதான் உலகத்தில் இதற்காகவே வேண்டுமென்றே பழைய சென்ட்ஓஎஸ் பதிப்புகளில் கம்பைல் செய்து வெளியிட்டார்கள். முதலில் 5, பிறகு 6, பிறகு 7. ஏடிஓ கற்றுக்கொடுத்த அதே விதி.

விண்டோஸும் கற்றுக்கொண்டது. விஷுவல் சி++ முன்பெல்லாம் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு ரன்டைம் கேட்கும். 2008-க்கு ஒன்று, 2010-க்கு ஒன்று, 2012-க்கு ஒன்று, 2013-க்கு ஒன்று. 2015-இலிருந்து 2022 வரை எல்லாவற்றுக்கும் ஒரே ரன்டைம் போதும். டிஎல்எல் இல்லை என்று எர்ரர் வந்ததும் கூகுளில் தேடி, பெயர் தெரியாத தளத்திலிருந்து அந்த ஒரு கோப்பை மட்டும் இறக்கிச் சிஸ்டம் ஃபோல்டரில் போடுகிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள். மைக்ரோசாஃப்டின் ரன்டைம் தொகுப்பையே இறக்குங்கள், 32-பிட், 64-பிட் இரண்டையும் போடுங்கள்.

பொருந்துதலைக் காப்பாற்ற ஒரு நிறுவனம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு விண்டோஸுக்குள்ளேயே ஒரு சான்று இருக்கிறது. 64-பிட் விண்டோஸில் 64-பிட் கோப்புகள் இருப்பது ‘சிஸ்டம்32’ என்ற ஃபோல்டரில். 32-பிட் கோப்புகள் இருப்பது ‘சிஸ்வாவ்64’ என்ற ஃபோல்டரில். தலைகீழாகத் தெரியும். ஆயிரக்கணக்கான புரோகிராம்கள் சிஸ்டம்32 என்ற பெயரை உள்ளேயே எழுதி வைத்திருந்தன, அதனால் அந்தப் பெயரை மாற்ற முடியவில்லை. நம் வேலையில் இது எங்கே வருகிறது என்றால், ஓடிபிசி அமைக்கும்போது. அதற்கான கருவி இரண்டு ஃபோல்டரிலும் ஒரே பெயரில் இருக்கிறது. 32-பிட் சம்பளப் புரோகிராமுக்கு 64-பிட் கருவியில் இணைப்பு உருவாக்கிவிட்டு, கிடைக்கவில்லையே என்று தவிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சிஸ்வாவ்64-க்குள் இருப்பதைத் திறந்து உருவாக்குங்கள். அதேபோல, ஆக்சஸ் எம்டிபி கோப்பைத் திறக்கும் பழைய ஜெட் டிரைவர் 32-பிட் மட்டுமே. புதுக் கம்ப்யூட்டரில் 64-பிட் ஆபீஸ் வந்துவிட்டால், எக்செலிலிருந்து அந்தக் கோப்பைப் படிக்கும் உங்கள் மேக்ரோ ஜெட்டைக் கண்டுகொள்ளாது. ஒரு 64-பிட் புரோகிராமுக்குள் 32-பிட் லைப்ரரியை ஏற்றவே முடியாது. ஆபீஸ் வாங்கும்போதே எந்தப் பிட் என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்து சாய ஆலைகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2011 ஜனவரி 28-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் நொய்யலுக்குப் போகக் கூடாது என்ற நிலையில்தான் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஓடுகின்றன. ஆர்ஓவும் ஆவியாக்கிகளும் ஓடும் இப்படிப்பட்ட ஆலைகளில், கட்டுப்பாட்டுத் திரைக்கும் தரவு சேகரிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் பழைய ஓபிசி இணைப்பு இருக்கலாம். அது விண்டோஸின் டிகாம் என்ற தொழில்நுட்பத்தின்மேல் நிற்பது. டிகாமில் ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்க மைக்ரோசாஃப்ட் பொருந்துதலை உடைக்க வேண்டியிருந்தது. எப்படிச் செய்தார்கள் பாருங்கள். 2021 ஜூனில் திருத்தத்தைக் கொடுத்து, அணைத்தே வைத்தார்கள். 2022 ஜூனில் போட்டுவிட்டார்கள், வேண்டுமானால் அணைக்க வழி வைத்து. 2023 மார்ச் 14-இல் அந்த வழியையும் அடைத்தார்கள். ஏறக்குறைய இரண்டு வருட அவகாசம். இதை நான் குறை சொல்ல மாட்டேன். உடைக்கத்தான் வேண்டும் என்றால் இப்படித்தான் உடைக்க வேண்டும். ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்கு அப்டேட்டே போடாமல் வைத்திருக்கும் ஆலைக்கு, அது மாற்றப்படுகிற நாளில்தான் இந்த மூன்று தேதிகளும் சேர்ந்து வரும். உங்கள் ஆட்டோமேஷன்காரரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, இன்னும் வராத ஒரு தேதி. 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடி. 1970-இலிருந்து விநாடிகளை 32-பிட் எண்ணில் எண்ணிவருகிற கணக்கு அந்த விநாடியோடு நிரம்பிவிடும். அடுத்த விநாடியில் தேதி 1901-க்குப் போகும். இதைச் சரிசெய்ய டெபியனும் உபுண்டுவும் 2024-இல் ஒரு பெரிய வேலையை முடித்தன. 32-பிட் கம்ப்யூட்டர்களிலும் நேரத்தை 64-பிட்டில் எண்ண வைத்தார்கள். நேரத்தின் அளவு மாறினால், அதைத் தொடுகிற நூற்றுக்கணக்கான லைப்ரரிகளும் பைனரி அளவில் மாறும். அத்தனை லைப்ரரித் தொகுப்புகளின் பெயர்களுக்கும் பின்னால் ‘டி64’ என்று சேர்த்தார்கள். பொருள் மாறியது, பெயரை மாற்றினார்கள். அந்த வேலையை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான ஸ்டீவ் லாங்கசெக் 2025 தொடக்கத்தில் மறைந்தார். இப்படிப்பட்ட வேலை சரியாக நடந்தால் யார் கண்ணிலும் படாது. அதனால் அவர் பெயரை இந்த அவையில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

அதே வேலையில் அவர்கள் செய்த விதிவிலக்கு ஒன்று என்னை மிகவும் யோசிக்க வைத்தது. பழைய 32-பிட் இன்டெல் வகையை மட்டும் மாற்றாமல் விட்டார்கள். அதை இன்று வைத்திருப்பதே பழைய, சோர்ஸ் கைவசம் இல்லாத புரோகிராம்களை ஓட்டத்தான். அங்கே நேரத்தின் அளவை மாற்றினால் அவை அன்றே நின்றுவிடும். மாற்றாவிட்டால் 2038 வரை ஓடும். அவர்கள் 2038-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். உங்கள் நிட்டிங் மெஷின், எம்பிராய்டரி மெஷின் கன்ட்ரோலர்களில் 32-பிட் சிப் இருக்கலாம். மெஷின் வாங்கினால் பதினைந்து, இருபது வருடம் ஓட்டுகிற ஊர் இது. இன்று வாங்கும் மெஷின் அந்தத் தேதியைப் பார்க்கும். கொட்டேஷன் வாங்கும்போது கன்ட்ரோலரின் நேரக் கணக்கு எத்தனை பிட் என்று எழுதிக் கேளுங்கள்.

கம்ப்யூட்டர் மாற்றப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பழையதை அணைப்பதற்கு முன்னால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, டீடெய்ல்ஸ் பக்கத்தில் பிளாட்ஃபார்ம் என்ற பத்தியைச் சேர்த்துப் பாருங்கள். எது 32-பிட், எது 64-பிட் என்று தெரிந்துவிடும். சம்பளப் புரோகிராம் கூப்பிடுகிற ஓசிஎக்ஸ், டிஎல்எல் எல்லாவற்றையும் வெர்ஷன் நம்பரோடு ஒரு தாளில் எழுதி, கோப்புகளையும் நகல் எடுத்து வையுங்கள். புதியது வந்ததும் சில சனிக்கிழமைகள் இரண்டிலும் சம்பளம் போட்டு, மொத்தத்தை மட்டும் பார்க்காமல் ஆள்வாரியாக ஒப்பிடுங்கள். கம்பைல் செய்த பழைய கம்ப்யூட்டரை மெய்நிகர் கம்ப்யூட்டராக மாற்றி ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வைத்துவிட்டால், நாளைக்கு ஒரு திருத்தம் வேண்டுமென்றால் அதே இடத்தில் கம்பைல் செய்யலாம்.

முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் காலத்தில் புரோகிராம் எழுதிக் கொடுத்தவர்களில் பலருக்கு இப்போது வயதாகிவிட்டது. சிலர் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் போன் நம்பர் இன்னும் உங்களிடம் இருக்கிறது. கூப்பிட்டு, சோர்ஸ் கோடுக்கு உரிய பணத்தைக் கொடுத்து வாங்குங்கள். இலவசமாகக் கேட்காதீர்கள், அது அவருடைய உழைப்பு. வாங்கும்போது சோர்ஸோடு விட்டுவிடாமல், அவரை உட்காரவைத்து உங்கள் கண் முன்னாலேயே ஒரு தடவை கம்பைல் செய்யச் சொல்லுங்கள். எந்த விண்டோஸ், எந்த சர்வீஸ் பேக், எந்தெந்த ஓசிஎக்ஸ் என்று அவர் சொல்லச் சொல்ல உங்கள் ஆபீஸ் பையன் எழுதிக்கொள்ளட்டும். அந்தத் தாள் இல்லாமல் சோர்ஸ் மட்டும் கையில் இருந்தால், எர்ரர் 430 வரும் நாளில் அதை வைத்துக்கொண்டு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.